லாகூரில் பேசவிடாத உரை

போட்டித் தேர்வுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

நல்ல சாரல் நேரம். குற்றாலத்துக்குப் போகாமல் இந்தத் தென்காசி மண்டபத்துக்கு அம்பேத்கரைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள்.

1936. சாதியை ஒழிக்கவென்றே லாகூரில் ஒரு சங்கம், ஜாத்-பாத்-தோடக் மண்டல். மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தார்கள். உரையை எழுதி, பம்பாயில் அச்சுக்கும் கொடுத்துவிட்டார். சங்கத்தார் முன்கூட்டியே வாங்கிப் படித்தார்கள்; வேர்த்துவிட்டது. வேதத்தைப் பற்றி எழுதியதை எடுத்துவிடக் கூடாதா என்று கடிதம் வந்தது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று பதில் போனது. மாநாடே ரத்து!

அழைத்தவர்கள் வைதீகர்கள் இல்லை ஐயா, சீர்திருத்தக்காரர்கள்! அவர் மேடையேறி அழுதிருந்தால் மாலை போட்டிருப்பார்கள். மனு கொடுத்திருந்தால் வாங்கி வைத்திருப்பார்கள். அவரோ சாஸ்திரத்தையே விரித்து வைத்து, சாதியின் வேர் இங்கே இருக்கிறது, இதன் அதிகாரத்தை உடைக்காமல் சமபந்தி போட்டு என்ன பயன் என்று கேட்டார். எவன் படிக்கக் கூடாதென்று விலக்கி வைத்தார்களோ, அவனே படித்துவிட்டு வந்து கணக்குக் கேட்டால் எப்படித் தாங்கும்?

அந்தப் படிப்பு லேசில் வந்ததா? 1917இல், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடம் தருவார் இல்லை. பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பேரில் தங்கினார். பதினோராம் நாள் காலை தடியும் கையுமாக ஒரு கூட்டம் மாடியேறி வந்து, சாயங்காலத்துக்குள் காலி செய் என்றது. பம்பாய் ரயிலுக்கு நேரமாகும்வரை காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். அத்தனை படிப்பும் அவருக்கு ஓர் அறையை வாங்கித் தரவில்லை. ஆனாலும் மூன்றே ஆண்டில் மறுபடி லண்டனுக்குப் படிக்கப் போனார் பாருங்கள், அந்த நெஞ்சுரத்தை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மாநாடு நின்றது, உரை நிற்கவில்லை. தாமே 1,500 பிரதி வெளியிட்டார், இரண்டு மாதத்தில் தீர்ந்தது. பெரியாரின் 'குடி அரசு' இதழ் வழியாகத் தமிழுக்கும் வந்தது.

தம்பி, உன் வினா-விடைப் புத்தகத்தில் அவர் அரசமைப்பு வரைவுக்குழுத் தலைவர்; ஒரு மதிப்பெண். லாகூர்க்காரர்கள் பயந்தது அந்த ஒரு மதிப்பெண்ணுக்கா? உரை தமிழில் கிடைக்கிறது. நாளைக்கே நூலகத்தில் கேள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடு; முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.