ஊர் ஓரத்துல ஆயிரம் வீடு வந்தா, நம்ம கையில இருக்கறது 30 நாள்

(தகவல் தொழில்நுட்பப் பிரிவின் இணையவழிக் கூட்டத்தில் நம் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம பக்கத்தோட இன்பாக்ஸ்ல ஒரே மாதிரி மெசேஜ் வந்துட்டே இருக்கு. ஊர்ப் பேர் மட்டும்தான் மாறுது. "எங்க ஊருக்கு வெளிய, ஏரிய ஒட்டி, ஆயிரம் வீடு வரப்போகுதுன்னு போர்டு வெச்சிருக்காங்க. ஊர்ல ஒருத்தரையும் கேக்கல. கட்சி தலையிடணும்." கூடவே ஆர்ச் போட்டோ ஒண்ணு.

இந்த "ஒருத்தரையும் கேக்கல"ங்கிறதுல இருந்து ஆரம்பிக்கிறேன். ஏன்னா சட்டப்படி கேக்க வேண்டியதே இல்ல. நிறைய பேருக்கு இது தெரியாது. 2006ல வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டருக்கு மேல கட்டுமானப் பரப்பு இருந்தா சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும். ஆனா சுரங்கம், அனல் மின் நிலையத்துக்கெல்லாம் இருக்கற மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், கட்டடத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்புக்கும் கிடையாது. அந்த அறிவிக்கையே விலக்கு கொடுத்திருக்கு. கலெக்டர் முன்னாடி மைக் பிடிச்சு "எங்க ஏரி என்ன ஆகும்?"னு கேக்கற வாய்ப்பே நமக்கு வராது. பேப்பர் மேல பேப்பரா போய் மாநில அதிகார அமைப்புல முடிஞ்சிடும். ஊருக்குத் தெரியறப்போ ஜேசிபி நிக்கும்.

அப்போ என்னதான் இருக்கு? மேல்முறையீடு இருக்கு. பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, பிரிவு 16. அனுமதி தெரிவிக்கப்பட்ட நாள்ல இருந்து 30 நாள். தகுந்த காரணம் காட்டினா இன்னும் 60 நாள் வரைக்கும் ஏத்துக்கலாம். அதுக்கு அப்புறம் கதவு மூடிடும். நாம ஹேஷ்டேக் போட்டு டிரெண்ட் பண்ணிட்டு இருக்கும்போது ஓடிப்போறது இந்த 30 நாள்தான்.

அனுமதி கிடைச்சதும் நிறுவனம் ரெண்டு உள்ளூர் பத்திரிகைல விளம்பரம் கொடுக்கணும். அதுல ஒண்ணு தமிழ்ல இருக்கணும். அனுமதிக் கடித நகலை உள்ளாட்சி அலுவலகத்துக்கும் கொடுக்கணும், அங்க 30 நாள் மக்கள் பார்க்கற மாதிரி வெச்சிருக்கணும். உங்க ஊர் பஞ்சாயத்து ஆபீஸ் நோட்டீஸ் போர்டை கடைசியா எப்போ பார்த்தீங்க? அதுல பாதி கிழிஞ்ச போலியோ போஸ்டர்தான் இருக்கும்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் வாரத்துக்கு ஒரு தடவை ஒரு ஆள் போய்ப் பாருங்க.

இப்போ பள்ளிக்கரணைக்கு வருவோம். 2022ல ராம்சார் தளமா அறிவிச்சாங்க. சுமார் 1,247 ஹெக்டேர். ஆனா 2025 வரைக்கும் அந்த எல்லை எந்த சர்வே நம்பர்ல ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு நிலத்துல அளந்து முடிக்கல. அந்த வருஷம்தான் பெரும்பாக்கத்துல ஆயிரத்துக்கும் மேல அடுக்குமாடி வீடுகளுக்குக் கொடுத்த அனுமதி வெளிய வந்து பெரிய சண்டையாச்சு. சதுப்பு நில எல்லைக்குள்ள வருதுன்னு எதிர்த்தவங்க சொன்னாங்க, பட்டா நிலம்னு நிறுவனம் சொல்லுச்சு. விஷயம் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வந்துச்சு. இதுல அடிபட்டது யாருன்னு பாருங்க. எல்லை முடிவாகற வரைக்கும் ராம்சார் பகுதியிலயும் சுத்தி 1 கிலோமீட்டர்லயும் புது அனுமதி கொடுக்கக் கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிடுச்சு. அரை கிரவுண்ட் வாங்கி, லோன் போட்டு, வீடு கட்டலாம்னு இருந்தவங்களும் அதுல மாட்டிக்கிட்டாங்க. அளக்க வேண்டியவங்க நேரத்துக்கு அளந்திருந்தா ரெண்டு பக்கமும் இந்தப் பாடு இல்ல.

சரி, நாம என்ன பண்ணலாம்? இன்ஜினியரிங் படிச்சுட்டு சும்மா மீம் போட்டுட்டு இருக்கற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதுல நிஜமாவே வேலை இருக்கு.

பரிவேஷ்னு மத்திய அரசோட இணையதளம் இருக்கு. சுற்றுச்சூழல் அனுமதிக்கு வர்ற விண்ணப்பம் அதுல இருக்கும். கூடவே நிலத்தோட எல்லையை கேஎம்எல் ஃபைலா ஏத்தியிருப்பாங்க. அதை கூகுள் எர்த்ல திறங்க. பழைய வருஷப் படங்களுக்குத் தள்ளிப் பாருங்க. மழைக்காலத்துல அந்த இடத்துல தண்ணி நிக்குதா, ஓடை போகுதான்னு கண்ணால பார்க்கலாம். அடுத்தது வருவாய்த் துறை தளத்துல அ-பதிவேடும் புலப்படமும் எடுங்க. வாய்க்கால் புறம்போக்கு உள்ள ஓடினா அதுல தெரியும். ஓடையைக் காகிதத்துல இருந்து அழிக்கறது அவ்வளவு ஈஸி இல்ல.

அப்புறம் கணக்கு. 1,200 வீடு, வீட்டுக்கு 4 பேர்னு வெச்சா 4,800 பேர். ஒரு ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர்ங்கிறது அரசு வழிகாட்டி அளவு. மொத்தம் 6,48,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி 54 நடை, தினமும். இந்தத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கணும். "உள்ளாட்சி வழங்கும்"னு எழுதியிருந்தா, நாலு நாளைக்கு ஒரு தடவை குழாய்ல தண்ணி விடற உங்க பேரூராட்சி எந்தக் கடிதத்துல சம்மதம் சொல்லுச்சு? ஆர்டிஐ போடுங்க, கட்டணம் 10 ரூபாய், 30 நாள்ல பதில் சொல்லணும். அந்தத் தண்ணில சுமார் 80 சதவீதம் கழிவுநீரா வெளிய வரும், 5 லட்சம் லிட்டருக்கும் மேல. சுத்திகரிச்ச மிச்சம் எந்த வாய்க்கால்ல விழுது? அந்த வாய்க்கால் எந்த ஏரிக்குப் போகுது?

மழை இன்னும் பெரிய விஷயம். 10 ஏக்கர்ல 10 சென்டிமீட்டர் பெஞ்சா 40 லட்சம் லிட்டர். மண்ணா இருந்தா நல்ல பங்கு உள்ள இறங்கும். கான்கிரீட் போட்டு, தரையை நாலடி ஏத்திட்டா, பக்கத்துத் தெருவுக்குத்தான் வரும். பக்கத்துத் தெருன்னா நம்ம ஆளுங்க வீடு.

இன்னொண்ணு சொல்லியாகணும். அங்க வீடு வாங்க வர்றவங்க நமக்கு எதிரி கிடையாது. வெளியூர்க்காரன் வர்றான்னு பேசற பதிவு நம்ம பக்கத்துல வராது, வந்தா நீக்கிடுவோம். கேரளாவுல மரடு ஞாபகம் இருக்கா? கடலோர விதியை மீறினதுன்னு 4 அடுக்குமாடி வளாகத்தை இடிக்கச் சொல்லி 2019ல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2020 ஜனவரில வெடி வெச்சுத் தகர்த்தாங்க. பில்டரை நம்பி வாங்கினவங்க பொட்டி படுக்கையோட வெளிய வந்தாங்க. ஊர்க்காரங்க முன்கூட்டியே கேக்கற கேள்வி வாங்க வர்றவரோட காசையும் காப்பாத்தும்.

நம்ம கட்சிக்காரங்களும் ரியல் எஸ்டேட் பண்றாங்க, ஜல்லி அடிக்கிறாங்க. நான் சொல்லலன்னா கமெண்ட்ல நீங்களே சொல்வீங்க. அவங்க ப்ராஜெக்ட்டா இருந்தாலும் இதே கேள்விதான். புலப்படம் கட்சி பார்த்து மாறாது.

கிராம ஊராட்சில இருக்கறவங்க கிராம சபையை விடாதீங்க. வருஷத்துக்கு 6 நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்தத் தீர்மானம் மட்டுமே திட்டத்தை நிறுத்திடாது. ஆனா நாளைக்கு வழக்குல "ஊர் அன்னைக்கே சொல்லுச்சு"ன்னு காட்ட ஒரு காகிதம் வேணும். தீர்மானத்துல சர்வே நம்பர் எழுதுங்க, நகல் கையில வாங்கிக்கங்க. பேரூராட்சின்னா கிராம சபை இல்ல, வார்டு கவுன்சிலர் நடத்தற பகுதி சபால பேசுங்க.

இனிமே இன்பாக்ஸ்ல மெசேஜ் போடறவங்க ஆர்ச் போட்டோ மட்டும் அனுப்பாதீங்க. கிராமம், சர்வே நம்பர், போர்டுல இருக்கற ரெரா பதிவு எண், அனுமதி வந்தாச்சுன்னா அந்தத் தேதி, இந்த நாலும் வேணும். தேதியை முதல்ல எழுதுங்க. 20 நாள் தாண்டின ஊரை முதல்ல எடுத்து வழக்கறிஞர் பிரிவுகிட்ட கொடுப்போம்.