பாதியில் நின்ற பணி

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பாதையில், நக்கிள்ஸ் மலைச்சாரலில் உள்ள ஊர் ஹுன்னஸ்கிரிய. அங்கே ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையை, அவர் மரத்தினாலும் தகரத்தினாலும் சிற்றுருவாகச் செய்யத் தொடங்கினார். கொழுந்து வாட்டும் மாடி முடிந்தது. உலர்த்தும் அடுப்பு முடியுமுன் பார்வை மங்கிற்று. பாதியில் நின்ற மாட்டுவண்டியும் லயத்து வீடும் அருகே கிடக்கின்றன. மூன்றையும் ஒருவர் விலைக்குக் கேட்கிறார். பெரியவருக்கோ மூக்குக்கண்ணாடி வாங்கப் பணம் வேண்டும். விற்பதா, வைப்பதா?

முடிவுறாமையாலேயே ஒரு பொருள் பயனற்றதாகிவிடாது. தமிழ்நாட்டுக் கழுகுமலையில், 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலை எண்ணுங்கள். ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கினர். விமானம் எழில் பெற்றது, அடிப்பகுதி பாறையாகவே நின்றுவிட்டது. அக்குறையே சிற்பிகளின் தொழில்முறையை நமக்குக் கற்பிக்கிறது.

எனினும் அனைத்தையும் பூட்டிவைத்தலும் அறிவுடைமை ஆகாது. கண்டி ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை, கைவிடப்பட்டுக் கிடந்தபின், வேறு கைகள் ஏற்றதனால் 2001இல் அருங்காட்சியகமாயிற்று.

ஆகவே, பொருள்தோறும் கேட்க வேண்டியது ஒன்றே: இனி இதைத் தொடப்போகும் கை எது? வண்டியையும் வீட்டையும் முடிக்க வல்லவர் கேட்பாராயின் மகிழ்ந்து கொடுக்கலாம். அப்பணத்தில் கண்ணாடி வரும். ஸ்டோரை, அதனுள் உழைத்தவரன்றிப் பிறர் நிறைவு செய்தல் அரிது. அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். கண்ணாடி வந்ததும் அடுப்பு வேலையைத் தொடங்கலாம். பேத்தி அருகிலிருந்து தகரம் வெட்டப் பழகட்டும்.