மைசூரில் ஒரு நாள்



சென்னையிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் மைசூருக்கு வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு பகற்பொழுதைத்தான் இந்த நகரத்துக்கென்று ஒதுக்கி வருகிறார்கள். காலையில் வந்து இறங்கி, இரவு ரயிலுக்குத் திரும்பிவிட வேண்டும். பேருந்தில் கூட்டமாக அழைத்துச் செல்பவர்கள் அந்த ஒரு பகலுக்குள் பத்துப் பன்னிரண்டு இடங்களைத் திணித்துவிடுகிறார்கள். மாலையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், எல்லாவற்றையும் பார்த்தோம் என்ற பதில் வரும். எதைப் பார்த்தீர்கள் என்று மேலும் கேட்பது மரியாதையாகாது.

நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு தனி வண்டியை அமர்த்திக்கொண்டு, விஷயம் அறிந்த வழிகாட்டி ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டால் நாளின் போக்கு நம் கையில் இருக்கும். அத்தகைய ஒரு நாளை எப்படிச் செலவிடலாம் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இவ்வூரில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். வெளியூர் விருந்தினருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது என் உத்தியோகத்தின் எழுதப்படாத பகுதியாகவே ஆகிவிட்டது.

அரண்மனை எங்கும் போய்விடாது. காலையில் முதலில் பறவைகளிடம் போங்கள். ஊரிலிருந்து சுமார் பதினெட்டு கிலோமீட்டர் தொலைவில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே, காவிரியின் நடுவில் அரங்கன்திட்டு இருக்கிறது. கன்னடத்தில் ரங்கனதிட்டு என்பார்கள். திட்டு என்ற சொல்லுக்கு நமக்கு அகராதி தேவையில்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மைசூரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையார் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காக ஓர் அணை கட்டினார். அதனால் நீர் தேங்க, ஆற்றிடையே சிறு சிறு தீவுகள் உண்டாயின. பறவைகளை நினைத்துக் கட்டிய அணையன்று அது. ஆனால் நான்கு புறமும் நீர் சூழ்ந்த மரங்களில் நரியும் பூனையும் ஏற முடியாது. நீரிலோ முதலைகள் காவல் இருக்கின்றன. கூடு கட்ட இதைவிடப் பத்திரமான இடம் எது? பறவையியல் அறிஞர் சாலிம் அலி இதைக் கண்டு எடுத்துச் சொன்னதன் பேரில், மைசூர் சமஸ்தானம் 1940இல் இதைச் சரணாலயமாக அறிவித்தது. 2022இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம் பெற்றது.

வனத்துறையின் துடுப்புப் படகில் ஏறிக்கொண்டால், நத்தை குத்தி நாரையையும் கரண்டிவாயனையும் கூழைக்கடாவையும் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். பாறைமீது அசையாமல் கிடப்பது கட்டையல்ல, முதலை என்று படகுக்காரர் சொன்ன பிறகே பலருக்கு விளங்கும். மரக்கிளைகளில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வேடந்தாங்கலைப் பார்த்தவர்களுக்கு இவை புதியவை அல்ல. ஆனால் வேடந்தாங்கலில் ஏரிக்கரைமேல் நின்று தொலைவிலிருந்து பார்க்கிறோம். இங்கே அவற்றின் வீட்டு வாசலுக்கே போகிறோம். ஆகையால் குரலைத் தாழ்த்திப் பேசுவது நல்லது.

ஒரு செய்தியைத் தமிழ் நேயர்களுக்கு நான் சொல்லியாக வேண்டும். இந்தத் தீவுகளுக்கு மேலே சில மைல் தொலைவில் கிருஷ்ணராஜ சாகரம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை வலுத்து, அந்த அணையின் நீர்மட்டம் 124.80 அடி என்னும் முழு அளவை நெருங்கியதும் மதகுகளைத் திறந்துவிடுகிறார்கள். மேட்டூருக்குத் தண்ணீர் வருகிறது என்று நாம் மகிழ்கிறோம். தஞ்சைச் சீமையின் வயிறு அதில்தான் இருக்கிறது. அதே வெள்ளம் போகிற வழியில் அரங்கன்திட்டின் தாழ்ந்த தீவுகளை மூழ்கடித்து, கூடுகளையும் பறக்கத் தெரியாத குஞ்சுகளையும் அடித்துக்கொண்டு போகிறது. கரைகள் அரிக்கப்பட்டுத் தீவுகளே சிறுத்துப் போவதும் உண்டு. யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை. நிரம்பிய அணையைத் திறக்காமல் இருக்க முடியாது. திறந்த நீரைப் பறவைக்காக நிறுத்தவும் முடியாது. மெல்ல மெல்லத் திறப்பது, தீவுகளின் கரையைப் பலப்படுத்துவது என்பவையே செய்யக்கூடியவை. காவிரியைப் பற்றி இரு மாநிலத்தாரும் எத்தனையோ பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சில் மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு என்பது இங்கே படகில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் மிக அருகில். காவிரி வழியே ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என மூன்று அரங்கங்கள் சொல்வார்கள். ஆதிரங்கம் இது, நடுவிலுள்ளது சிவசமுத்திரம், கடைசியாக உள்ளது நம் திருவரங்கம். பெருமாளைச் சேவித்துவிட்டு, திப்பு சுல்தானின் கோடை மாளிகையான தரியா தௌலத்துக்குச் செல்லுங்கள். 1784இல் கட்டப்பட்டது. மேற்குச் சுவர் முழுவதும் ஒரு போர்க்களம் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. 1780இல் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையைச் சிதறடித்த போர் அது. பல்லக்கில் அமர்ந்திருக்கும் பெய்லியையும் தீப்பற்றி வெடிக்கும் வெடிமருந்து வண்டியையும் சுற்றி நிற்பவர்கள் வியந்து பார்ப்பார்கள். வழிகாட்டிகள் இந்த இடத்தைப் பொல்லிலூர் என்பார்கள். எங்கோ வடக்கே இருக்கும் ஊர் போலும் என்று நம்மவர்களும் தலையசைப்பார்கள்.

அது நம் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூர். ஆங்கிலேயரின் நாவில் பொல்லிலூராகி, அந்த உருவத்திலேயே சரித்திரப் புத்தகங்களில் ஏறி, திரும்பி நம்மிடமே வந்திருக்கிறது. பல்லவ மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறுகிறதே, அதே ஊர்தான். ஓர் எழுத்தைத் திருத்திச் சொன்னவுடன் சுவரிலுள்ள அயல்நாட்டுப் போர் சொந்த மாவட்டத்துப் போராக மாறிவிடுகிறது. ஆகவே வழிகாட்டியை அமர்த்தும்போது எத்தனை இடம் காட்டுவார் என்று கேட்பதை விட, பெயர்களை எவ்வளவு சரியாகச் சொல்லுவார் என்று கவனியுங்கள். வழிகாட்டியும் ஒரு வகையில் மொழிபெயர்ப்பாளரே. கல்லில் இல்லாததைச் சேர்க்கவும் கூடாது, இருப்பதை விடவும் கூடாது.

திப்புவைப் பற்றி இவ்வூரில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் பேசுவார்கள். 1799 மே மாதம் 4ஆம் தேதி அவர் வீழ்ந்த இடத்தைக் காட்டுகிறவரின் குரலிலிருந்தே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வாதத்தில் இறங்கினால் நண்பகல் உணவு தப்பிவிடும்.

பிற்பகலில் அரண்மனை. அது பல நூறு ஆண்டுப் பழமையுடையது என்று எண்ணி வருகிறவர்களே அதிகம். முன்பு இருந்த மர அரண்மனை 1897இல், இளவரசி ஜயலக்ஷ்மம்மண்ணியின் திருமணச் சமயத்தில் தீக்கிரையாயிற்று. இப்போதுள்ளதை ஹென்றி இர்வின் என்ற கட்டடக்கலைஞர் வகுத்தார். 1912இல் பணி முடிந்தது. சுமார் நாற்பத்தொன்றரை லட்சம் ரூபாய் செலவாயிற்று. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடப் பணியிலும் பங்கு கொண்டவர் அவர்; ஆகவே இதன் குவிமாடங்கள் நமக்கு முன்பே அறிமுகமானவை போலத் தோன்றினால் வியப்பில்லை. கல்யாண மண்டபத்தின் இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை. நிமிர்ந்து பாருங்கள், வண்ணக் கண்ணாடியில் மயில்கள் தோகை விரித்திருக்கும்.

விலங்குக்காட்சிச்சாலையும் அரண்மனைக்கு வெகு தூரமில்லை. பத்தாம் சாமராஜ உடையார் 1892இல் நிறுவியது. இந்தியாவின் பழமையானவற்றுள் ஒன்று. நேரமிருந்தால் போகலாம். குழந்தைகள் உடன் வந்தால் நேரம் இருந்தே தீரும்!

அரண்மனையும் காடும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, அது யானை. தசராவில் சுமார் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியைச் சுமந்து வரும் யானைகள் அரண்மனையில் வளர்பவை அல்ல. நாகரஹொளே வட்டாரம் போன்ற காட்டு முகாம்களிலிருந்து அழைத்து வரப்படுபவை. விழா முடிந்ததும் காட்டுக்குத் திரும்பி வேலைக்குப் போக வேண்டியவை. 2012 முதல் 2019 வரை அம்பாரி சுமந்த அர்ஜுனன் என்ற யானை, 2023 டிசம்பரில் ஹாசன் மாவட்டத்தில் காட்டு யானைகளைப் பிடிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது ஒரு காட்டு யானையோடு மோதி உயிரிழந்தது. அறுபது வயதைக் கடந்த யானை அது. அதற்கும் ஓய்வு வயது என்று ஒன்று இருக்க வேண்டாமா என்று ஊரில் பலர் கேட்டார்கள். அரசு ஊழியனாகிய எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது.

மாலையில் தேவராஜ மார்க்கெட்டுக்கு நடந்து செல்லுங்கள். மல்லிகையும் நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழமும் அங்கே கிடைக்கும். அதற்கு அருகில் லான்ஸ்டவுன் கட்டடம். வைசிராய் லான்ஸ்டவுன் பிரபுவின் வருகையையொட்டி 1892இல் எழுந்தது. பழைய புத்தகக் கடைகள் அங்கேதான் இருந்தன. 2012 ஆகஸ்டில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து நான்கு பேர் உயிரிழந்தார்கள். 2016இல் மார்க்கெட்டின் ஒரு பகுதியும் சரிந்தது. இடித்துவிட்டுப் பழைய வடிவிலேயே புதிதாகக் கட்டலாம் என்றது ஒரு தரப்பு. பழுதுபார்த்துக் காக்கலாம் என்றது மற்றொரு தரப்பு. வல்லுநர் குழுக்களும் நீதிமன்றமும் பல ஆண்டுகள் இதில் ஈடுபட வேண்டியதாயிற்று. உயிர் போன பிறகு சுவரின் அழகைப் பேசுவது எளிதல்ல. ஆனால் நூற்றாண்டுச் சுவர் தானாக விழுவதில்லை. மழைநீர் இறங்கும் கூரையை ஆண்டுதோறும் கவனித்திருந்தால், இடிப்பதா காப்பதா என்ற கேள்வி இத்தனை கடுமையாக வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இன்னும் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால், 1891இல் தோன்றிய கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தை வெளியிலிருந்தேனும் பார்த்துச் செல்லுங்கள். தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொடுத்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடியிலிருந்துதான் ஆர். சாமசாஸ்திரி கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தை அடையாளம் கண்டு 1909இல் அச்சிட்டார். உலகம் தொலைந்துபோனதென்று எண்ணியிருந்த நூல், தஞ்சைச் சுவடி ஒன்றில் மைசூர் வந்து சேர்ந்திருந்தது.

புறப்படுமுன் இரண்டு குறிப்புகள். செவ்வாய்க்கிழமைகளில் விலங்குக்காட்சிச்சாலைக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அரண்மனை முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகளால் ஒளிரும். ஆகையால் ஞாயிறு உகந்த நாள். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வருவதானால், கிருஷ்ணராஜ சாகரத்தின் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மதகு திறந்திருந்தால் அரங்கன்திட்டில் படகு விட மாட்டார்கள்.