வழி தவறியவரிடம் தமிழ் பேசும் பக்கம்



இணையத்தளத்தை அமைப்போர் இறுதியில் எண்ணிப் பார்ப்பதும், பலர் எண்ணாமலே விட்டுவிடுவதும் பிழைப்பக்கம். ஒருவர் தேடிவந்த பக்கம் நீக்கப்பட்டிருக்கலாம். அதன் முகவரி மாறியிருக்கலாம். முகவரியில் ஓர் எழுத்துப் பிறழ்ந்திருக்கலாம். அவ்வேளையில் வழங்கிக் கணினி 404 என்னும் எண்ணை விடையாக அனுப்புகிறது. வழங்கியிலேயே கோளாறு நேர்ந்தால் அவ்வெண் 500 ஆகும்.

தமிழில் முகவரி அமைக்கும் தளங்களுக்கு இவ்விடர் சற்று மிகுதி. ‘கல்வி’ என்பது மூன்றெழுத்துச் சொல். ஒருங்குறியில் அது ஐந்து குறியீடுகளாகும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக எழுதப்படும். ஆக, அச்சிறு சொல் 45 குறிகளாக நீள்கிறது. இத்தகைய முகவரியைப் படியெடுத்துப் பிறருக்கு அனுப்பும்போது இடையில் அறுபட்டால், வந்து சேர்பவர் காண்பது பிழைப்பக்கமே.

அப்பக்கத்தை நாம் அமைக்காவிட்டால், வழங்கி தன்னிடமுள்ள ஆங்கில வரியைக் காட்டும். அதுவரை தமிழில் பேசிய தளம், இடர் நேர்ந்தவுடன் மொழி மாறுகிறது. படிக்கும் மாணவர் அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வார்? தமிழ் பாடத்திற்கு உரியது, சிக்கலைத் தீர்ப்பதற்கு வேறு மொழி வேண்டும் என்றல்லவா? 1995ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர்க் கவிதைகளோடு தமிழும் இணையத்தில் ஏற வழிகண்டவர் நா. கோவிந்தசாமி. அந்த மண்ணில் நாம் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

செய்முறை எளிது. அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருளில், ‘எரர்டாக்குமென்ட்’ என்ற கட்டளை, 404 என்ற எண், நாம் எழுதிய பக்கத்தின் இடம் ஆகிய மூன்றையும் அமைவுக் கோப்பில் ஒரே வரியில் எழுதினால் போதும். எனினும் இரண்டினைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, பக்கத்தின் இடத்தைத் தளத்தின் உள்முகவரியாகவே குறிக்க வேண்டும். முழு இணைய முகவரியைக் கொடுத்தால், வழங்கி வந்தவரை வேறிடத்திற்குத் திருப்பிவிடும். 404 என்னும் விடை அவரது உலாவியைச் சென்றடையாது. தேடுபொறியும் பிழைப்பக்கத்தை மெய்யான பக்கமென்று கொள்ளக்கூடும். மனிதருக்குத் தமிழில் விளக்குவோம். கணினிக்கு உரிய எண்ணை மறையாது சொல்வோம்.

இரண்டாவது, பிழைப்பக்கம் தளத்தின் எந்த ஆழத்திலும் தோன்றலாம். ஆதலால் படங்களுக்கும் இணைப்புகளுக்கும் தளத்தின் வேரிலிருந்தே முகவரி எழுத வேண்டும். இல்லையேல் உதவவந்த பக்கமே உருக்குலைந்து நிற்கும்.

எஞ்சியது சொல்லாட்சி. ‘தவறான முகவரி’ என்பது வந்தவர்மீது குற்றம் சுமத்துகிறது. பிழை நம்முடையதாகவும் இருக்கலாமே! ‘நீங்கள் தேடிய பக்கம் இங்கு இல்லை’ என்பது நிலையைக் கூறுகிறது. அடுத்து, பக்கம் இடம் மாறியிருக்கக்கூடும் என ஒரு வரி. அதன்பின் தேடற்பெட்டி, முகப்புக்கு ஓர் இணைப்பு, தெரிவிக்க ஒரு மின்னஞ்சல். இவ்வளவே வேண்டுவது.

ஆசிரியப் பெருமக்களே, இதனை வகுப்பில் ஓர் எழுத்துப் பயிற்சியாக அளியுங்கள். முகம் அறியாத ஒருவருக்கு, அவர் தடுமாறி நிற்கும் வேளையில், நான்கே வரிகளில் தெளிவும் கனிவும் பொருந்த எழுதுவது எளிதன்று. சிறந்ததைப் பள்ளித் தளத்தில் ஏற்றுங்கள். தம் தமிழ் ஒருவருக்கு வழிகாட்டியதை அம்மாணவர் காணட்டும்.