சிறுத்த கண்ணும் கிரகணப் பழியும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



2019 டிசம்பர் 26 காலையில் வந்த வளைய சூரிய கிரகணம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் திருச்சியிலும் அது தெரிந்தது. கிரகணம் என்றால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் முழுக்குப் போட ஆட்கள் கூடுவதும், கர்ப்பிணிகளை வீட்டுக்குள் இருத்திவிடுவதும் இங்கே வழக்கம். ஆனால் எல்லோராலும் அடைந்து கிடக்க முடியுமா? கட்டட வேலைக்குப் போனவர்கள், பூ விற்றவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அன்று அவர்கள் வயிற்றில் இருந்த பிள்ளைகள்தாம் இன்று நம் தொடக்க வகுப்புகளில் இருக்கிறார்கள். கிரகணம் கண்ணைச் சிறுக்க வைக்கும் என்றால், நம் மாவட்டத்து வகுப்பறைகளில் அப்படிப்பட்ட குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி இல்லை.

ஏன் இதைச் சொல்கிறேன்? கண் சிறுத்துப் பிறந்த குழந்தையைச் சேர்க்கைக்கு அழைத்து வரும்போது, உடன் வரும் பெரியவர் தாயைக் காட்டி, "கிரகணத்தன்னிக்கு இவ வெளியே போயிட்டா சார்" என்கிறார். அந்தத் தாய் தலை குனிந்து நிற்கிறார். மகாபாரதத்திலேயே அம்பிகை கண்ணை மூடிக்கொண்டதால்தான் திருதராட்டிரன் பார்வையின்றிப் பிறந்தான் என்று கதை. பழியைத் தாய்மேல் போடுவது அவ்வளவு பழைய பழக்கம். அந்த இடத்தில் நாம் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இந்தக் குறையை மருத்துவர்கள் மைக்ரோஃப்தால்மியா என்கிறார்கள். வளர்ந்தவரின் கண்கோளம் முன்னிருந்து பின்னாக சுமார் 24 மி.மீ., பிறந்த குழந்தைக்கு சுமார் 17 மி.மீ. வயதுக்குரிய அளவைவிட வெகுவாகக் குறைந்தால் அது சிறுகண். கருவின் நான்காவது வாரத்திலேயே கண் உருவாகத் தொடங்கிவிடுகிறது. கிண்ணம் போல மடிந்து, அதன் அடியில் இருக்கும் பிளவு ஏழாவது வார அளவில் மூடிக்கொள்ள வேண்டும். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றதே அந்தச் சமயத்தில்தான் தெரியவரும்.

காரணம் பெரும்பாலும் மரபணுவில் இருக்கிறது. பெற்றோரிடம் இல்லாத மாற்றம் குழந்தையிடம் புதிதாகத் தோன்றலாம். இல்லையென்றால், தாய் தந்தை இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கும் ஒடுங்கு மரபணு குழந்தையிடம் சேர்ந்துவிடலாம். அக்காள் மகளைக் கட்டுவதும் அத்தை மகன், மாமன் மகள் உறவில் கட்டுவதும் நம் பக்கம் சாதாரணம். அந்த உறவுகளில் இப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. உறவில் மணந்தவர்களுக்குப் பெரும்பாலும் நலமான குழந்தைகளே பிறக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பாதி மரபணு தந்தையுடையது. தாயை மட்டும் குற்றவாளி ஆக்குவது எந்தக் கணக்கு? பத்தாம் வகுப்பில் மெண்டலை நடத்தும்போது பட்டாணிச் செடியோடு நிறுத்தாமல் இதையும் பேசலாம். சில குழந்தைகளுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்த பின்னும் காரணம் பிடிபடுவதில்லை.

இன்னொரு காரணம் ரூபெல்லா. இது நம் கையில் இருப்பது. 1941இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கண்புரையோடு பிறந்த 78 குழந்தைகளைப் பற்றி அறிக்கை தந்தார். பல குழந்தைகளுக்குக் கண் சிறுத்தும் இருந்தது. 68 தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது. காத்திருந்த தாய்மார்கள் தமக்குள் பேசிக்கொண்டதை அவர் காது கொடுத்துக் கேட்டதால் வந்த கண்டுபிடிப்பு என்பார்கள். பெரியவர்களுக்கு லேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்து போகும் நோய், முதல் மூன்று மாதக் கருவைக் கடுமையாகத் தாக்குகிறது.

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி தமிழ்நாடு முழுவதும் போடப்பட்டது. நம் பள்ளிகளில்தான் முகாம். வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் தயங்கியபோது அவர்களிடம் பேசியதில் ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. அன்று 15 வயதில் கையை நீட்டிய மாணவிகள் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். தவறவிட்ட பெண்கள் கருவுறுவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். கர்ப்ப காலத்தில் போடக்கூடாது.

அப்படிப்பட்ட குழந்தை நம் வகுப்புக்கு வந்தால், முதலில் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று அறிய வேண்டும். கண் சிறியது என்பதால் பார்வையே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கோளம் குட்டையாக இருந்தால் தூரப்பார்வைக் குறை அதிகம் இருக்கும், தடித்த கண்ணாடி உதவும். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். திருச்சி அரசு மருத்துவமனைக்கோ ஜோசப் கண் மருத்துவமனைக்கோ அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஒற்றைக் கண்தான் தெரியும் என்றால், கரும்பலகை நல்ல கண்ணின் பக்கம் வரும்படி உட்கார வையுங்கள்.

சில குழந்தைகள் செயற்கைக் கண் அணிந்து வருவார்கள். முகம் வளர வளர அதை மாற்ற வேண்டியிருக்கும். வகுப்பில் கழன்று விழுந்தால் கூச்சல் போட வேண்டாம், மற்ற பிள்ளைகளைக் கூட்டம் கூட விட வேண்டாம். சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியில் சுற்றி, குழந்தையை ஓர் ஓரமாக அழைத்துப்போய் வீட்டுக்குப் போன் செய்தால் போதும்.