கோப்பை கழுவின கைக்கு ஒரு தொழில்

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். உயிரைக் காக்க மற்றவர்கள் வந்தார்கள். தொழிலைக் காக்க நாங்கள்தான் எழும்ப வேண்டும்.

ஊரில் கணக்காளராக, ஆசிரியையாக இருந்தவர்கள் இங்கே இரவில் கோப்பை கழுவுகிறார்கள். நானும் கழுவினனான். உழைப்பில் வெட்கமில்லை. ஆனால் கற்ற தொழில் கைவிட்டுப் போகலாமா?

மொன்றியலில் வழி மறிப்பது பெரும்பாலும் மொழிதான். 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டப்படி வேலைத்தல மொழி பிரெஞ்சு. அதைக் கற்பிக்கும் வகுப்புகள் இலவசம். 2023 முதல் 'பிரான்சிசாசியோன் கியூபெக்' என்ற ஒரே இடத்தில் பதியலாம். வேலைக்குப் போறவைக்குப் பகுதிநேர வகுப்பும் உண்டு.

அடுத்தது தொழிற்கல்வி. அகதியாக ஏற்கப்பட்டோருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. நோயாளர், முதியோர் பராமரிப்புக்கு 870 மணித்தியாலம், கணக்கியலுக்கு 1350, வெல்டிங்குக்கு 1800. முழுநேரம் படித்தால் இரண்டு வருடத்துக்குள் முடிக்கலாம்.

"வயசு போட்டுது, இனி என்னத்தப் படிக்கிறது" எண்டு சொல்லாதேங்கோ. டொக்டரிட்டைப் போனால் பத்து வயதுப் பிள்ளை எங்கள் வருத்தத்தைப் பிரெஞ்சில் சொல்லுது. அந்தச் சுமையை இறக்கவாவது படிக்க வேண்டும்.

வீட்டில் ஒருவர் உழைக்க மற்றவர் படியுங்கோ, பிறகு மாறுங்கோ. சங்கத்துக்கு வாங்கோ, படிவம் நிரப்ப உதவுவோம்.