கனவில் விழிப்பு



தாம் கனவு காண்பதே இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. அவர்களும் கனவு காண்கின்றார்கள். கண்டதை மறந்துவிடுகின்றார்கள் என்பதே பெரும்பாலும் உண்மை. ஓர் இரவிலே ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தை நாம் கனவிற் கழிக்கின்றோம் என உறக்கத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள் கணித்துள்ளனர். அக்கணக்கின்படி அறுபது ஆண்டு வாழ்ந்த ஒருவர், ஐந்து ஆண்டுக் காலத்தைக் கனவுலகிலே செலவிட்டவராவர். ஐந்து ஆண்டு ஓர் ஊரிலே குடியிருந்தவர் அவ்வூரின் தெருக்களையும் வழக்கங்களையும் ஓரளவாயினும் அறிந்திருப்பார். கனவென்னும் ஊரிலோ நாம் ஒவ்வோர் இரவும் புதியவராகவே நுழைகின்றோம். அங்கு நிகழ்வன யாவற்றையும் ஐயமின்றி நம்புகின்றோம். காலஞ்சென்ற பாட்டனார் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போடுகின்றார், நாம் வியப்பதில்லை. ஏதோவொன்று துரத்துகின்றது, அது யாது என்று திரும்பியும் பாராது ஓடுகின்றோம்.

இப்பொது விதிக்கு ஒரு விலக்கு உண்டு. கனவு நடந்துகொண்டிருக்கும்போதே, "இது கனவு" என்னும் எண்ணம் சிற்சில வேளைகளிற் பளிச்சென்று தோன்றும். உடல் உறங்குகின்றது, கனவும் கலையவில்லை, ஆயினும் காண்பவருடைய அறிவு விழித்துக்கொள்கின்றது. இதனையே தெளிவுக் கனவு என்பர். இது புதுமையானதோர் அனுபவமன்று. கிரேக்க ஞானியாகிய அரிஸ்டோட்டில், உறங்குபவர் காண்பது கனவே என்று அவர் உள்ளத்திலுள்ள ஏதோவொன்று அறிவிப்பதுண்டு என்று கனவுகளைப் பற்றிய தம் நூலிலே குறித்துள்ளார். அரை நூற்றாண்டுக் காலத்து ஆய்வுகளைத் தொகுத்து 2016 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கணிப்பொன்று, நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தகைய கனவைக் கண்டிருக்கின்றனர் எனக் கூறுகின்றது. இவ்வுரையைக் கேட்போரிலும் பலர் இதனை அனுபவித்திருப்பர்.

நம் முன்னோர் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என ஐந்து அவத்தைகளை வகுத்தனர். திருமாலின் துயிலை அறிதுயில் என்றனர். உறக்கமும் அறிவும் ஓரிடத்தே கூடி நிற்கலாம் என்னும் கருத்து நமக்கு அந்நியமானதன்று. ஆனால், சாதாரண மனிதரொருவர் முயன்று பழகி இந்நிலையை அடைய முடியுமா? அடைந்தால், கனவைத் தம் விருப்பப்படி நடத்த முடியுமா? இவ்வினாக்களுக்குத் தம் சொந்த அனுபவத்தையே சான்றாக வைத்து விடை தேடிய மூவரை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகின்றேன்.

முதலாமவர் பிரான்சு தேசத்தவராகிய எர்வே த சேன் தெனி. 1822 ஆம் ஆண்டு பிறந்த இவர் சீன மொழியிற் பெரும் புலமை பெற்றவர். பதின்மூன்றாம் வயதிலே, இரவிற் கண்ட கனவைக் காலையில் எழுதிவைக்கும் பழக்கத்தை மேற்கொண்டார். நாளடைவில் இருபத்திரண்டு குறிப்பேடுகள் நிறைந்தன. எழுத எழுத நினைவு கூர்மையடைந்தது. நினைவு கூர்மையடையவே, கனவு காணும்போதே அதனைக் கனவென்று அறியும் ஆற்றலும் வளர்ந்தது. தம் அனுபவங்களைத் திரட்டி, கனவுகளையும் அவற்றை நடத்தும் வழிகளையும் பற்றி ஒரு நூல் எழுதி, 1867 ஆம் ஆண்டு தம் பெயரைக் குறிக்காமலே வெளியிட்டார்.

அவர் செய்த பரிசோதனைகளுள் ஒன்று கேட்பதற்கு இனியது. தென்பிரான்சிலுள்ள விவரே என்னும் மலைநாட்டுக்குப் புறப்படுமுன், முன்பு தாம் பயன்படுத்தாத வாசனைத் தைலமொன்றை வாங்கினார். அங்கே தங்கியிருந்த நாளெல்லாம் அத்தைலத்தைக் கைக்குட்டையில் இட்டு முகர்ந்துவந்தார். ஊர் திரும்பியதும் குப்பியை இறுக மூடி வைத்துவிட்டார். பல மாதங்கள் சென்றபின் அதனை வேலைக்காரரிடம் கொடுத்து, தாம் ஆழ்ந்து உறங்கும் இரவொன்றில், முன்னறிவித்தலின்றிச் சில துளிகளைத் தலையணையில் தெளிக்கும்படி பணித்தார். சில நாட்கள் அம்மலைநாடு கனவில் வரவேயில்லை. பின்னர் ஓரிரவு, மலைகளும் மரங்களும் பாறைகளும் கண்முன்னே தோன்றின. அன்றிரவே தைலம் தெளிக்கப்பட்டிருந்தது.

மற்றொரு நிகழ்ச்சி அச்சம் தருவது. கொடிய உருவங்கள் தம்மை அறை அறையாகத் துரத்துவதாகவும், கதவுகளை மூட இயலாமல் தாம் தடுமாறுவதாகவும் அவர் அடிக்கடி கனவு கண்டு அலறி விழிப்பார். ஒருநாள் அக்கனவினுள்ளேயே இது கனவு என்னும் தெளிவு உண்டாயிற்று. ஓடுவதை நிறுத்தினார். சுவரிலே முதுகைச் சாய்த்து நின்று, துரத்திவந்த உருவத்தை உற்றுநோக்கினார். தேவாலய வாயில்களிற் செதுக்கப்பட்ட பூதத்தைப் போன்று அது காணப்பட்டது. அச்சத்தின் இடத்தை ஆராயும் விருப்பம் பற்றிக்கொண்டது. பார்க்கப் பார்க்க அவ்வுருவம் தளர்ந்து, சாயம் கரைந்து, இல்லையாயிற்று.

இரண்டாமவர் ஒல்லாந்து நாட்டு மனநோய் மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடரிக் வான் ஏடன். தெளிவுக் கனவு என்னும் பெயர் உலகில் நிலைபெறக் காரணமானவர் இவரே. 1898 ஆம் ஆண்டு முதல் 1912 ஆம் ஆண்டு வரை இத்தகைய 352 கனவுகளைக் கண்டு குறித்துவைத்து, 1913 ஆம் ஆண்டு ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 1904 ஆம் ஆண்டு கண்ட கனவொன்றில், தாம் கனவு காண்பதை அறிந்தவராய், மேசைமேலிருந்த மதுக்கிண்ணத்தைத் தம் முழுப் பலத்தோடும் கைமுட்டியால் அடித்தார். கிண்ணம் உடையவில்லை. சிறிது நேரங் கழித்து மீண்டும் பார்த்தார்; அப்போது அது உடைந்து கிடந்தது! கனவுலகம் நனவுலகைப் போலவே நடிக்க முயல்கின்றது. ஆனால் சிற்சில இடங்களில் முறை தவறிவிடுகின்றது. அவ்விடங்களைக் கண்டுபிடிப்பவருக்கே தெளிவு பிறக்கின்றது.

இன்னுமொன்றையும் வான் ஏடன் கவனித்தார். அவருடைய தெளிவுக் கனவுகள் யாவும் காலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையிலேயே நிகழ்ந்தன. விடியற்காலக் கனவுக்கு நம்மவர் தனிச்சிறப்பு அளிப்பதை நேயர்கள் அறிவீர்கள். அக்கனவு பலிக்குமா என்பது வேறு வினா. விடியலை அண்டிய வேளையிலே கனவுகள் நீண்டும் தெளிந்தும் வருகின்றன என்பதில் ஐயமில்லை.

மூன்றாமவர் மேரி ஆர்னால்ட் போர்ஸ்டர் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1921 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலின் சிறப்பு, அவர் கையாண்ட எளிய வழியிலே உள்ளது. தீக்கனவுகளால் வருந்திய அவர், "இது கனவே" என்னும் கருத்துடைய சில சொற்களைப் பகற்பொழுதிலும் உறங்கச் செல்லும்போதும் தமக்குத் தாமே சொல்லிப் பழகினார். நாட்செல்ல அச்சொற்கள் கனவின் நடுவிலே நினைவுக்கு வரத் தொடங்கின. முதலில் அவை விழித்துக்கொள்ள உதவின. பின்னரோ, விழிக்காமலே, அச்சமின்றி அக்கனவைத் தொடர்வதற்கு உதவின. நிலத்தைக் காலால் மெல்ல உந்தி வானில் மிதக்கும் கலையையும் அவர் கனவிலே கற்றுக்கொண்டார்.

இவையெல்லாம் அவரவர் சொல்லும் கதைகள்தாமே, இவற்றுக்குச் சான்று யாது என்று நேயர்கள் கேட்கலாம். நெடுங்காலம் விஞ்ஞானிகளும் அவ்வாறே கேட்டனர். 1953 ஆம் ஆண்டு சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைற்மன் ஆகிய இருவரும், உறக்கத்தின் ஒரு பகுதியிலே மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசைவதையும், அவ்வேளையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவுகளை விவரிப்பதையும் கண்டனர். அந்நேரத்திலே கைகால்களின் தசைகள் செயலற்றுக் கிடக்கும். கண்கள் மாத்திரம் தடையின்றி அசையும். இதுவே சான்றுக்கு வழிகாட்டியது. 1975 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ண் என்பவர் நடத்திய சோதனையிலே, அலன் வேர்ஸ்லி என்பவர் முன்னரே பேசிக்கொண்டபடி, கனவினுள் இருந்தவாறே கண்களை இடமும் வலமும் அசைத்துச் சைகை காட்டினார். கருவி அதனைப் பதிவு செய்தது. அவர் உறங்கிக்கொண்டிருந்தார் என்பதையும் அக்கருவியே உறுதி செய்தது. அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் லபேர்ஜ் இதேபோன்ற சோதனையைத் தனித்து நடத்தி, 1981 ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார். 2021 ஆம் ஆண்டு நான்கு நாடுகளின் ஆய்வாளர் கூடி வெளியிட்ட ஆய்வு இதனினும் வியப்புக்குரியது. கனவு காண்பவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்று வினவினர். அவர் உறக்கத்தினின்று எழாமலே கண்களை இருமுறை அசைத்து விடை கூறினார்.

இனி, இதனைப் பழகும் வழியைச் சொல்வேன். நானும் சில மாதங்கள் முயன்றமையாற் சற்று விரிவாகவே சொல்லலாம். தலைமாட்டிலே ஒரு குறிப்பேடும் பென்சிலும் வைத்துக்கொள்ள வேண்டும். விழித்தவுடன் புரளாமல், எழாமல், கண்ட கனவைப் பின்னோக்கி நினைந்து பார்த்து எழுத வேண்டும். முதல் வாரம் எனக்கு இரண்டு வரி கிடைப்பதே அரிதாயிருந்தது. ஒரு மாதத்தின்பின் பக்கம் நிறைந்தது. அவ்வாறு எழுதியவற்றைப் படித்தபோது, ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. பரீட்சை மண்டபம், படிக்காத பாடம், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். பள்ளியை விட்டு முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அம்மண்டபம் என்னை விடவில்லை.

அடுத்த படி, பகலிலே "இது நனவா, கனவா?" என்று உண்மையாகவே ஐயுற்றுச் சோதித்தல். ஒரு வரியைப் படித்து, பார்வையை அகற்றி, மீண்டும் படிக்க வேண்டும். நனவில் எழுத்து மாறாது. கனவிலே பெரும்பாலும் மாறிவிடும். மூன்றாம் படி லபேர்ஜ் வகுத்தது. விடியலை அண்டிக் கனவினின்று விழித்தால், அக்கனவை முழுமையாக நினைந்து, "அடுத்த கனவிலே அது கனவென்பதை நினைவு கொள்வேன்" எனத் தீர்மானித்து, அவ்வாறு நினைவு கொள்வதாகக் கற்பனை செய்தவாறே மீண்டும் உறங்க வேண்டும்.

மூன்றாவது மாதத்தில் ஓரிரவு அதே மண்டபத்தில் இருந்தேன். வினாத்தாளின் முதல் வினாவை இருமுறை படித்தேன். இரண்டாம் முறை அது வேறொன்றாயிருந்தது. கனவு என்று அறிந்தேன். மகிழ்ச்சி மிகுதியால் அக்கணமே விழித்துவிட்டேன். சில வாரங்களின்பின் மீண்டும் அவ்வாய்ப்புக் கிடைத்தபோது அமைதியாயிருந்தேன். வினாத்தாளை மடித்து வைத்து எழுந்து சென்று கதவைத் திறந்தேன். வெளியே கடல் விரிந்து கிடந்தது. அலைகளை நிற்கும்படி கட்டளையிட்டேன், அவை நிற்கவில்லை. ஆனால் என் நெஞ்சிலே பரீட்சை அச்சம் சிறிதும் இல்லை.

கனவை நடத்துதல் என்பதன் எல்லை இங்கே புலனாகின்றது. எர்வே ஒருமுறை, தாம் இறப்பதைக் கனவிலே காண விரும்பி உயரத்திலிருந்து குதித்தார். ஆனால் அவர் கண்டது தம் இறப்பையன்று. இறந்த வேறொருவரைச் சூழ்ந்துநின்ற கூட்டத்தில் தாமும் ஒருவராக நிற்பதையே கண்டார். கனவு நம் விருப்பத்தை ஓரளவு கேட்கும், முற்றாகக் கீழ்ப்படியாது. மாற்றக்கூடியதாய் எஞ்சுவது கனவில் நாம் நிற்கும் நிலையே. ஓடுபவர் நின்று திரும்பலாம்.

இது வெறும் வேடிக்கைக்குரிய செய்தியன்று. போரையும் 2004 ஆம் ஆண்டின் கடற்கோளையும் கண்ட நம் நாட்டிலே, கண்மூட அஞ்சி இரவைக் கழித்தவர் எத்தனையோ பேர். தீக்கனவால் வருந்துவோருக்கு இன்று மருத்துவர்கள் கற்பிக்கும் முறையொன்று உண்டு. அத்தீக்கனவின் முடிவைப் பகலில் விழித்திருக்கும்போதே வேறாக மாற்றியமைத்து, அதனை நாள்தோறும் சில நிமிடம் மனக்கண்ணில் ஒத்திகை பார்த்தலே அது. இதனாற் பலர் நன்மை பெற்றுள்ளனர். தெளிவுக் கனவுப் பயிற்சியும் சிலருக்குத் துணைசெய்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயின் எச்சரிக்கையும் வேண்டும். இப்பயிற்சிக்காக நடு இரவில் மீண்டும் மீண்டும் எழுந்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளுதல் நன்றன்று. நனவுக்கும் கனவுக்கும் வேறுபாடு மயங்கும் மனநோய் உடையோர் இதில் இறங்கலாகாது. கொடுந்துயரின் நினைவுகள் கனவாக வந்து வருத்துவோர் தனித்து முயலாமல் மருத்துவரை நாடுதலே முறை.

ஏனையோர் இன்றிரவே தொடங்கலாம். பெரும் பொருளோ கருவியோ வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் சிறிது பொறுமையும் போதும். நாளைக் காலை இரண்டு வரி எழுத முடிந்தால், ஐந்து ஆண்டு நாம் வாழும் அவ்வூரின் முதலாவது தெருவை அறிந்தவராவோம்.